வேன் மாமா காத்திருக்காத மூன்று மணி நேரம்

வேன் மாமா இறந்துவிட்டார்.

ஓமலூரில் எங்கள் ஸ்கூல் வேன் ஓட்டிய செல்வராசு மாமா. நேற்று சாயங்காலம் எங்களை எல்லாம் இறக்கிவிட்டு, தன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியவர்... இறங்கவே இல்லை. ஹார்ட் அட்டாக்.

சொந்தக்காரர் இல்லை. ஆனால் எல்லோருக்கும் மாமா.

ஒரு ஆள் குறைந்தாலும் வேன் நகராது. ஒருநாள் நான் ஷூவைத் தேடிக்கொண்டிருக்க, உள்ளே எல்லோரும் கத்தினார்கள். "அந்தப் புள்ள வராம வண்டி எடுக்க மாட்டேன்" என்று அவர்களை அதட்டிவிட்டு, ஓடிவந்த என்னிடம், "ஏஞ்சாமி, ஷூவ மேச்சேரி ஆடு தின்னுருச்சா?" என்றார்.

நேற்று மதியம் நெஞ்சு கனமாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஈசிஜி, ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இரண்டும் நார்மல்.

"ரத்தத்துலயே பாத்துட்டாங்க, ஒண்ணுமில்ல. வெறும் வாய்வு" என்று ஸ்கூல் வாசலில் சிரித்தார். "மூணு மணி நேரம் இருங்க, இன்னொருக்கா ரத்தம் எடுக்கோணும்னாங்க. அதுவரைக்கும் நீங்க ரோட்டுல நிக்கோணுமா? ஏறு சாமி."

ஏறினோம்.

அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். இன்று அழுதுகொண்டே சொன்னாள்... இதயத் தசை அடிபட்டாலும் ட்ரோபோனின் என்ற அந்தப் புரதம் ரத்தத்தில் தெரிய நேரமாகுமாம். முதல் தடவை தெரியவில்லையென்றால் அட்டாக்கே இல்லை என்று ஆகிவிடாதாம். அதனால்தான் இரண்டாவது ரத்தம்.

மாமாவைத் தூக்கிப்போனவர்களில் அப்பாவும் ஒருவர். வந்ததிலிருந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை.

கேட்டதற்கு, "தூக்குனதுல தோள் புடிச்சுக்கிச்சு. எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்து கண்டதையும் நெனைக்காத. போய்ப் படு" என்றார்.

போர்வைக்குள் அம்மாவின் போனில் இதை எழுதிப் போடுகிறேன். அப்பா படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தே இருக்கிறார். பயமாக இருக்கிறது.

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பெரியப்பா சொன்னால்தான் அப்பா கேட்பார். மெசேஜ் போட்டேன், பார்க்கவில்லை. இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் யாராவது அவரை எழுப்பி, காரோடு வரச் சொல்லுங்கள். நான் இப்போதே அம்மாவை எழுப்பப் போகிறேன். திட்டு விழட்டும். முதல் ரத்தம் நார்மல் என்று வந்தாலும் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வர விடமாட்டேன்.

மாமா, தினமும் வேனைத் திருப்பும்போது "வாரேன் சாமி" என்பீர்கள். நேற்றும் சொன்னீர்கள். நான் அம்மாவிடம் வாங்கிய போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

சரிங்க மாமா.