கறுத்த காலணா

பீன்யா தொழிற்பேட்டையில் என் ஒர்க்‌ஷாப் தெரியாத டிரைவர் கிடையாது. நான் படித்தது நாலாங் கிளாஸ். நேற்று ஒரு காரின் பின் அச்சிலுள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு ஆயில் ஊற்ற டின்னைத் திறந்தேன். குப்பென்று கந்தக வாடை.

வெள்ளைக்காரன் காலத்தில் அப்பா ஒரு டாக்டருக்கு டிரைவர். காரின் பின் அச்சுக்கு டாக்டர் வாங்கிவந்த சீமை ஆயிலிலும் இதே வாடை.

“உள்ளே வெண்கலப் பல்சக்கரம் சார், இந்த ஆயில் அதை அரிச்சிடும். விளக்கெண்ணெயே போதும்” என்றார் அப்பா.

“மத்தியானத்துக்குள்ள ஊத்து. இல்ல, சாவியக் குடுத்துட்டுப் போ” என்றார் டாக்டர்.

அம்மா கோயில் காணிக்கைக்கு வைத்திருந்த இரண்டு செப்புக் காலணாவைப் புளி போட்டுத் தேய்த்தாள். “வெண்கலத்துல முக்காலும் செம்புதானே?” என்று சீமை ஆயிலில் ஒன்றும் விளக்கெண்ணெயில் ஒன்றுமாகப் போட்டு அடுப்போரம் வைத்தாள்.

“டிரைவர் நீயா, நானா?” என்று சிரித்தார் அப்பா.

மத்தியானம் விளக்கெண்ணெய்க் காசு தங்கமாக வந்தது. சீமை ஆயில் காசு கரி. டாக்டர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாவி அப்பாவிடமே இருந்தது.

“இந்தக் கறுத்த காசு எனக்கு வேணும்மா” என்றார்.

“எடுத்துக்குங்க சார். இதைச் சாமிக்கா போட முடியும்?”

நேற்று டின்னிலேயே லிமிடெட் ஸ்லிப்புக்கு என்று அச்சடித்திருந்தும், ஒரு செப்புக் காசைச் சூடான ஆயிலில் போட்டேன். வாடை பழையதுதான்; ஆனால் இந்தக் கந்தகம் செம்பைத் தொடவில்லை, காசு பளபளவென்று வந்தது. ஊற்றினேன். அம்மாவிடம் காட்டணும் போல இருந்தது.