மூன்று வரிசை

மலேசியாவின் பேராக் மாநிலத்தை மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் மலாய்க்காரர், ஈயச் சுரங்கத்திலும் கடைத்தெருவிலும் சீனர், ரப்பர் தோட்டத்தில் இந்தியர். எங்கள் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எழுதின மகராசன் ஒரு நாளாவது ஈப்போ பஸ் நிலையத்தில் நின்றிருப்பானா? லூமுட்டிலிருந்து மீன் கொண்டுவரும் சீனக் கிழவர் மலாயில் வைவார். புந்தோங் கடையில் சீனத்தி ஒருத்தி எங்களிடம் தமிழில் பேரம் பேசுவாள். வாயில் இரண்டு பாஷை இல்லாத ஆளை நான் அந்த ஊரில் பார்த்ததே இல்லை. மூன்று வரியாம், மண்ணாங்கட்டி!

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், என் முகம் சீன முகம். சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த என் அம்மா, என்னைப் பதினெட்டு நாள் பிள்ளையாக வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் காய்கறி போட்ட ஒரு சீனக் குடும்பம், இந்தப் பெண் பிறந்த நேரம் தகப்பனுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பித் தூக்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் அது அதிசயமில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளிலேயே என்னைப் போல இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். சீனத்தில் எனக்கு ஒரு விலைகூடக் கேட்கத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில், பதினேழு வயதில் ஈப்போவில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளியில் மாநிலத்தைப் பற்றி ஒரு மேடை நிகழ்ச்சி வைத்தார்கள். மூன்று வரிசை மாணவிகள், மூன்று விதமான உடை, அவரவர் பாஷையில் நாலு வாக்கியம். தமிழ் வாக்கியங்களை எழுதியதே நான்தான். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"லயத்துல ரெண்டு பேரு இருக்காளுகல்ல, சீனக்குட்டி வளந்ததும் சீனங்கிட்டயே ஓடிரும்னு சொல்றவளுக, அவளுகளையும் கூட்டிட்டு வாரேன். தமிழ் வரிசையில நீ நிக்கிறத பாக்கட்டும். அவளுக மூஞ்சில கரிய பூசணும்டி!"

எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. இவள் என் மகள் என்று அம்மா ஒருமுறையாவது தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சியன்று காலையில் பொறுப்பு டீச்சர் என் தாவணியை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் தமிழர்தான், டவுனில் பிறந்தவர்.

"நீ அந்தப் பக்கம் போய் நில்லு. சீன உடுப்பு ஒண்ணு மிச்சம் இருக்கு."

"எனக்குச் சீனம் தெரியாதே டீச்சர்."

"வாயை அசைச்சாப் போதும்லா. இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்தியர் வரிசையில நின்னா வர்ற பெரியவங்க சிரிக்க மாட்டாங்களா?"

நான் எழுதிய வாக்கியங்களை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய ஒருத்தியின் கையில் கொடுத்தார். அந்த டீச்சரை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. காலர் வைத்த அந்தச் சட்டைக்குள் கழுத்தைத் திணித்துக்கொண்டு, கான்டனீஸ் பேசியவர்களுக்கு நடுவில் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன்.

அம்மா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் அந்த இரண்டு பேர். தமிழ் மாணவிகள் முன்னே வந்ததும் எழுந்தே விட்டாள்.

"எங்க எம்புள்ள? காணோமே!"

பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து கத்தினேன்.

"அம்மா, இங்க இருக்கேன்! இந்தப் பக்கம் பாரும்மா!"

மண்டபம் படபடவென்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் சிரித்தபடி மேடைக்கே ஏறி வந்து, என்னை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"பாருங்கள், சீனப் பிள்ளை எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறது! இதுதான் நம் மாநிலம்!" என்று மலாயில் முழங்கினார். பிறகு என் பக்கம் குனிந்து, "யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார்.

டீச்சர் என் தோளில் கை வைத்திருந்தார். உதட்டில் சிரிப்பு, கண்ணில் மிரட்டல். கீழே அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். சொல்லவேண்டியது ‘அம்மா’ என்கிற ஒரே ஒரு வார்த்தை, அதுவும் மூன்று பாஷைக்காரருக்கும் புரிகிற வார்த்தை. பயம் பாதி, அந்தக் கைத்தட்டலின் ருசி பாதி. சீ, எனக்கெல்லாம் ஒரு வாய்!

"டீச்சர்" என்றேன்.

மறுபடியும் கைதட்டல். ஒரு பேனாப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். கூசாமல் வாங்கிக்கொண்டு, மலாயில் நன்றியும் சொன்னேன். உடை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்த இரண்டு பேரும் முன்னாலேயே நடந்துவிட்டார்கள். அம்மா மட்டும் படியோரம் நின்றாள். கோபமாவது படுவாள் என்று நினைத்தேன்.

"நாங்க பொறப்படுறோம். பஸ்ஸு வந்துரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "டீச்சரு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க ஒனக்கு."