ஆய்வுக்கூடம் கேட்ட கையொப்பம்

ஆம்பூரை அடுத்த எங்கள் ஊர் அரசுப் பள்ளி மேனிலைப் பள்ளியாக உயர்ந்தபோது, பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிது கட்ட அரசு நிதி ஒதுக்கியது. வகுப்பறைகள் போக ஒரு பெரிய கூடத்துக்கே இடம் எஞ்சியது. அது அறிவியல் ஆய்வுக்கூடமா, கலையரங்கமா என்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லையேல் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நானும் குழுவில் இருந்தேன். தீர்மானம் எழுதுவது என் பொறுப்பு.

எனக்கு அரங்கம் வேண்டியிருந்தது. பணிக்காலம் முழுதும் வேப்பமரத்தடியில் தமிழ் மன்றம் நடத்தியவன் நான். ஒரு மேடையில் நின்று பேசிவிட ஆசைப்பட்டேன்.

குழுவில் பெரும்பாலோர் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மார். கூட்டத்தை வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தேன். அவர்களால் வர இயலாது என்பதை அறிந்தே வைத்தேன். வராதோரிடம் பின்னர் தீர்மான ஏட்டைக் கொண்டுசென்று கையொப்பம் பெறுவது எங்கள் வழக்கம். கலையரங்கம் என்று தீர்மானம் எழுதிய ஏட்டுடன் மாலையில் தொழிற்சாலை வாயிலில் போய் நின்றேன்.

விரலில் சொலூஷன் பசை காயாமல் வந்த ஒரு தாய் ஏட்டை வாங்கினாள்.

"இன்னா எழுதிக்கிறீங்க ஐயா? லேப்பு வருதில்ல? எம்பொண்ணு சயின்ஸ்தான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது."

"எல்லாம் வரும், அம்மா" என்றேன்.

"சீக்கிரம் போடுடி! கலெக்டரு கணக்கா கேள்வி கேட்டுக்கினு நிக்கிற. பஸ்ஸு போய்டும்" என்று பின்னாலிருந்தவள் அதட்டினாள். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள். பசை படிந்த விரல்தடம் ஏட்டில் பதிந்தது.

கட்டி முடிந்தபின் நடந்த அரங்கத் திறப்பு விழாவுக்கு அந்தத் தாய் அரைநாள் விடுப்பில் மகளுடன் வந்திருந்தாள். நான் பேசி இறங்கியதும் அருகில் வந்தாள்.

"லேப்பு எந்தப் பக்கம் ஐயா?"

நான் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளே புரிந்துகொண்டாள்.

"பேசறதுதான ஐயா? அத மரத்தடியிலயே பேசிக்கினு இருக்கலாமே."

குரலை உயர்த்தவில்லை. அந்த ஆண்டு அவள் மகள் வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். நடந்ததை எல்லோர் முன்னும் சொன்னேன். அரங்கத்தின் மாடியில் ஆய்வுக்கூடம் வேண்டிப் புதுத் தீர்மானம் எழுதினேன். கிடைத்தாலும் வணிகவியலில் சேர்ந்துவிட்ட அப்பெண்ணுக்கு அது பயன்படாது. ஏட்டை நீட்டியபோது அந்தத் தாய் கையெழுத்திடவில்லை. மகளை அழைத்தாள்.

"நீ படிமா. ஒரு எழுத்து வுடாம படி. அப்பால போடறேன்."

அந்தப் பெண் என் வரிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். 'ஆய்வுக்கூடம்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, மீண்டும் தொடர்ந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை நான் அமரவில்லை.