ஊதா விரல்களும் அம்மாவின் தயிரும்

நுண்ணுயிரியல் படிப்பவர்களை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்: விரல் ஊதா நிறத்தில் இருக்கும், தும்முகிறவருக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்றால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

டவுன் பஸ்ஸில்

சாயம் ஏற்றிக் கிருமியைப் பார்க்கும் முதல் வகுப்பு முடிந்தது. பத்து விரலிலும் ஊதாவை அப்பிக்கொண்டு சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினேன். சோப்புக்கு அசையாத சாயம் அது. டிக்கெட்டுக்குக் கை நீட்டியதும் கண்டக்டர் கேட்டார்: "ஏம்மா, எத்தன ஓட்டு போட்டுட்டு வர்ற?"

மஞ்சக்குப்பம் கல்யாணத்தில்

பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் மாமா. சட்டைக் கையைச் சுருட்டி ஒரு படர்தாமரையைக் காட்டினார். விடுவேனா? அது எந்த வகைப் பூஞ்சை, லேபில் எதில் வளரும், எத்தனை நாளில் வளரும் என்று ரசம் வரும் வரை விளக்கினேன். மருந்துப் பாடம் அடுத்த செமஸ்டரில்தான். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது எங்க வேணா வளரட்டும்மா, எங்கிட்ட வளராம இருக்க என்ன போடணும்?"

நெருப்பை மறந்த கதை

கண்ணாடி ஸ்லைடில் கிருமியைத் தடவி, நெருப்பில் லேசாகக் காட்டி ஒட்டவைத்த பிறகுதான் சாயம் ஊற்றிக் கழுவ வேண்டும். பிராக்டிகல் பரீட்சை அவசரத்தில் நெருப்பை மறந்தேன். கழுவியபோது கிருமியெல்லாம் சாயத்தோடு சிங்க்குக்குள் போய்விட்டது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த எக்ஸாமினர் நிமிர்ந்தார்: "ஸ்லைடு நல்லா பளிச்சுனு இருக்கும்மா. கிருமி எங்க, லீவா?"

வீட்டுக் கிருமி

அரியர் விழுந்தது. அடுத்த தடவையும் கோட்டைவிட்டால் எம்.எஸ்சி. சீட் போச்சு. அழுதேன், மறைப்பானேன்?

அழுது முடித்ததும் பழகுவதற்குக் கிருமி தேடினேன். தயிரில் இல்லாத கிருமியா! தினமும் ஒரு ஸ்பூன் வீட்டுத் தயிரை டப்பாவில் லேபுக்கு எடுத்துப்போய், தடவி, நெருப்பில் காட்டி, கழுவிப் பார்த்தேன். ஒருநாள் அற்புதமாக வந்தது. போனில் போட்டோ எடுத்து, ஆசையாக அம்மாவிடம் காட்டினேன். தெருவே உறை ஊற்ற வாங்கிப்போகிற தயிர் அது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது: "என் தயிர்ல கிருமியா? இத வெளில யார்கிட்டயாவது சொன்ன, அப்புறம் சோறு கெடையாது!"

இரண்டாவது தடவை

என் நேரம், அதே எக்ஸாமினர். இந்த முறை நெருப்பை மறக்கவில்லை. ஆனாலும் மைக்ராஸ்கோப்பில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. அவர் இரண்டு மேஜை தள்ளி வந்துவிட்டார். ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். தடவிய பக்கம் கீழே! தலைகீழாக வைத்திருக்கிறேன். திருப்பி வைத்ததும் ஊதா ஊதாவாகக் கிருமிகள் வரிசை கட்டி நின்றன. அவ்வளவு அழகை நான் பார்த்ததே இல்லை. எக்ஸாமினர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மார்க் போட்டபடியே சொன்னார்: "இன்னிக்கு எல்லாரும் பிரசென்ட்டும்மா."

எம்.எஸ்சி. சீட் கிடைத்து, வீட்டில் பாயசமும் வைத்தாயிற்று, ஆனால் என் தலையைக் கண்டால் அம்மா இன்னமும் தயிர்ப் பாத்திரத்தை மூடிவிடுகிறாள்.