நீலப் பட்டைக்கு அடியில்

1. பாராட்டு

வாடிக்கையாளர் பாராட்டினால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அன்றைக்குப் பயம்தான் வந்தது.

பெங்களூரு பக்கம் விமானங்களை நிறுத்தி வேலை பார்க்கும் ஒரு ஹேங்கரில் நான் பெயின்ட் லீட், பெயின்டர்களுக்குத் தலைவன். கைமாறி வந்த பயணிகள் விமானம் ஒன்றுக்குப் புது வேஷம் கட்டிக்கொண்டிருந்தோம். பழைய கம்பெனியின் சிவப்பை ஸ்ட்ரிப்பர் என்ற ரசாயனம் போட்டு உரித்து, வெறும் அலுமினியத் தகடாக்கி, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் புதுக் கம்பெனியின் நீலப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மட்டும்தான் பாக்கி. அந்த வாரமே டெலிவரி.

விமானக் கம்பெனி ஆள் மேடையேறி, முன்கதவை ஒட்டிப் பட்டை வளையும் மூலையை விரலால் தடவினார்.

"சூப்பர் ஃபினிஷ். யார் பண்ணது?"

எங்கள் மேனேஜர் பல்லெல்லாம் தெரிய சண்முகவேலைக் காட்டினார். சண்முகவேல் என் அக்காள் கணவர். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் லாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். வேலை சுத்தமாக இருக்கும் என்று சொல்லி நான்தான் அவரை எங்கள் ஹேங்கரில் சேர்த்துவிட்டேன். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அக்கா பிள்ளைகளைப் புளியங்குடியில் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்திருந்தாள்.

எல்லோரும் இறங்கியதும் நான் ஏறிப் பார்த்தேன். பட்டையின் ஓரம் நேராக வர ஒட்டும் டேப்பைக் கையால் கிழித்து ஒட்டினால் அவ்வளவு கூரான மூலை வரவே வராது.

2. பிளேடு

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். லாரியில் டேப்பை ஒட்டி, மிச்சத்தை அங்கேயே வைத்து பிளேடால் அறுப்பார்கள். நல்ல பெயின்டருக்கு அதுதான் அழகு. விமானத்தில் அது கூடவே கூடாது. மேலே போகும்போது காற்றழுத்தத்தில் விமானத்தின் உடம்பு லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். தகட்டில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு பயணத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பாகும். அதனால்தான் எங்களுக்கு பிளாஸ்டிக் கத்தி. முதல் நாளே இதைச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வோம்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அத்தான், பிளேடு போட்டியளா?"

"மூலையில லேசாத்தான் மாப்ள. அந்த பிளாஸ்டிக் கத்தி வெண்ணெயக்கூட வெட்டாது."

"தகடுல படலன்னு எப்படிச் சொல்லுதிய?"

"இத்தன வருசமா பிளேடு பிடிக்கேன். என் கைக்குத் தெரியாதா வே?"

"இத மேல சொல்லணும் அத்தான்."

அவர் முகம் செத்துப்போனது. "சொன்னா வேல போயிரும்லா. ஒங்க அக்காவ நெனச்சுப் பாத்தியா? கிளியர் கோட் அடிச்சிட்டா எவனுக்குத் தெரியும்?"

"அக்காவ நெனச்சதாலதான் இன்னும் இங்கன நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்திவிட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். "உனக்கென்ன பைத்தியமாய்யா? கஸ்டமரே பாராட்டிட்டுப் போயிருக்கார். சும்மா கிட" என்றார். அவர் சொன்னபடி கிடந்திருக்கலாம். அக்கா வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும். கால் அதுபாட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் அறைக்கு நடந்தது.

3. பாஸ்

இன்ஸ்பெக்டர் பிலோமினா மேடம் நாகர்கோவில்காரர். சத்தமே போடவில்லை. அத்தானை வரச்சொல்லி, "எங்கெல்லாம் பிளேடு வெச்சீங்களோ, காட்டுங்க" என்றார்.

அத்தான் மூன்று மூலைகளைக் காட்டினார். அங்கே மட்டும் பெயின்டை எடுத்துவிட்டு மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் தகட்டுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. டெலிவரி நின்றுபோனது.

மேனேஜர் அத்தானிடம் கையை நீட்டினார். "பாஸைக் குடுத்துட்டுக் கிளம்புங்க." என் பக்கம் திரும்பி, "உன்னை அப்புறம் பார்த்துக்கறேன்" என்றார்.

அத்தான் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிக் கொடுத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிப் போனார். இந்தப் பக்கம் மேடம், அந்த ஒரு கீறலை மட்டும் எப்படிச் சரிசெய்வது என்று இன்ஜினியரோடு போனில் பேசத் தொடங்கிவிட்டார்.

வாசலில் ஏதோ தகராறு. திரும்பிப் பார்த்தால், திரும்பி உள்ளே வரப் பார்க்கும் அத்தானை, பாஸ் இல்லையென்று செக்யூரிட்டி மறிக்கிறார்.

"மாப்ள, இந்த ஆள விடச் சொல்லு! இன்னும் ரெண்டு இருக்கு!"

மேடம் போனைக் கீழே இறக்கினார். "எங்கே?"

"நீலத்துக்கு அடியில, வெள்ளைக்கும் அடியில. பழைய பெயின்ட உரிக்கறதுக்கு முன்ன, ஸ்ட்ரிப்பர் படாம இருக்க ஜன்னலுக்கு ஃபாயில் டேப்பு ஒட்டுனோம்லா? அப்ப அறுத்தது."

அவரே மேடையேறி விரல் வைத்துக் காட்டினார். உரித்துப் பார்த்தோம். இரண்டுமே முதல் கீறலைவிட ஆழம். "இவர் காட்டலேன்னா யாரும் இங்க தேடியிருக்க மாட்டோம்" என்றார் மேடம். மேனேஜர் அப்போதும் பாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

4. அக்கா வீடு

விமானத்தைச் சரிசெய்து அனுப்பினோம். என் வேலை எப்படியோ தப்பியது. அத்தான் மறுபடி லாரிக்கே போனார்.

அன்றிலிருந்து புதிதாக யார் வந்தாலும், நான் விதியைச் சொல்வதற்கு முன்னால் டேப்பைக் கையில் கொடுத்து, "இதுவரைக்கும் எப்படிச் செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்பேன். கை பழகியதைக் கையெழுத்து மாற்றாது. நீங்களும் புது ஆளைச் சேர்த்தால் இப்படிக் கேளுங்கள்.

லீவில் சங்கரன்கோவில் போனபோது அக்கா என்னென்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்துகொண்டேதான் படியேறினேன். அத்தான் பட்டறைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தார்கள். அக்கா சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"வேலதான் போயிட்டே, பொறவும் எதுக்குத் திரும்பிப் போயி சொன்னியன்னு அவுககிட்ட கேட்டேம்லே."

"என்ன சொன்னாரு?"

"'பிளேன அத்தன பேரு சுத்தி நிக்காங்க, ஒன் தம்பி பக்கம் ஒருத்தன் நிக்கல. அவன அப்படி விட்டுட்டு எப்படிட்டி பஸ் ஏற?'ன்னு கேக்காரு."

அக்கா முன்னால் அழக்கூடாது என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.