ரோசினா கேட்ட அறுபது

சீட்டு மேசையில் சாடை காட்டுகிறவர்களை ரோசினா ஷாட்ஸுக்கு அறவே ஆகாது. சொந்த அக்காள் புருஷன் ஓட்டோ, கையில் நல்ல சீட்டு வந்தால் புகைக்கிற சுங்கானை இரண்டு தட்டுத் தட்டுகிறான் என்று கண்டுபிடித்து, தேவாலயக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எழுப்பி அனுப்பியவள் அவள். கூட்டாளிக்குச் சேதி சொல்ல வேண்டுமா, ஏலத்தில் சொல். ஐம்பதில் தொடங்கும் ஏலத்தில் ஒன்று ஏற்றிக் கேட்டால் ஏஸ் இருக்கலாம், வெறும் பேச்சாகவும் இருக்கலாம்; இரண்டு ஏற்றிக் கேட்டால் ஆட்டத்துக்கு முன் விரித்துக் காட்டிப் புள்ளி வாங்குகிற சேர்த்தி, கையில் இருபது புள்ளிக்கு இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் பினோக்கிள் சீட்டு ஆடுகிற எந்தக் கோதுமைக்காரனுக்கும் இது தெரியும். அதற்குமேல் ஒரு கண்சிமிட்டல் கூடாது.

கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. குளிர்காலப் போட்டியில் ஜெயித்த ஜோடியின் பெயரை வருஷாவருஷம் அதில் பொறிப்பார்கள். ரோசினாவும் அவள் கணவன் எமானுவெலும் இருபத்தாறு வருஷமாக ஆடுகிறார்கள். நாலு தடவை இறுதி ஆட்டத்தில் தோற்றதுதான் மிச்சம். அந்தப் பலகையில் பெயர் ஏறாமல் சாகமாட்டேன் என்று அவள் வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அந்த ஞாயிறு மதியம் ஐந்தாவது தடவை. ஐந்நூறைத் தொட அவர்களுக்கு ஐம்பத்தைந்து பாக்கி. எதிரே கிளாரன்ஸ் மோசரும் அவன் அண்ணி ஒடீலியாவும், அவர்களுக்கு நாற்பதுதான். கடைசிக் கை என்று எல்லாருக்கும் தெரிந்ததால், உருளைக்கிழங்கு சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"பாஸ்," என்றான் எமானுவெல். துருப்பு வைக்க ஒரே ஜாதியில் நீளமாகச் சீட்டு இல்லையென்றால் அவன் வாயே திறக்கமாட்டான். ஊரறிந்த சங்கதி.

"அம்பத்திரெண்டு," என்றான் கிளாரன்ஸ்.

ரோசினாவிடம் ஆர்ட்டினில் ஏஸ் முதல் ஜாக்கி வரை வரிசை இருந்தது. அதற்குப் பதினைந்து. கணவனும் மனைவியும் சேர்ந்து இருபது காட்டாவிட்டால் அந்தப் பதினைந்தும் செல்லாது. கேட்ட ஏலமும் முறிந்துபோகும். கூட்டாளி பாஸ் சொன்ன பிறகு புத்தியுள்ளவள் கேட்பாளா?

"அறுபது," என்றாள் ரோசினா, யோசிக்காமலே.

"தலை கிறுகிறுத்துப் போச்சா உனக்கு?" என்று கிளாரன்ஸ் சிரித்தான். அவனும் ஒடீலியாவும் விலகிக்கொண்டார்கள்.

ஆர்ட்டின் துருப்பு. ரோசினா வரிசையை மேசையில் விரித்து வைத்தாள். எமானுவெல் நாலு ஜாதிக்கு நாலு ஏஸ் வைத்தான். பத்து. ஆக இருபத்தைந்து. கூட்டம் கை தட்டியது.

ஒடீலியா தட்டவில்லை. "ஏன் ரோசினா, அவன்தான் பாஸ் சொல்லிட்டானே. ஏஸ் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவன்தான்..." என்று தொடங்கியவள், எமானுவெலை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கட்டைவிரல் கால்சட்டையின் தோள்வாருக்குள் நுழைந்து, அதை மேலே இழுத்துப் பிடித்திருந்தது.

அந்த விரல்! ஏஸ் வந்தால் அது வாருக்குள் போகும். அவளுக்கு அது தெரியும். தெரியும் என்பதுதான் இத்தனை நாள் தெரியவில்லை. தோளெலும்பு முறிந்து அவன் வார் போட முடியாமல் இருந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறுகூட ஜெயிக்கவில்லையே. வலியில் அவனுக்குக் கவனம் போய்விட்டது என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்! ஓட்டோ செத்தும் ஆறு வருஷம் ஆகிறது. அவனிடம் போய் இப்போது என்னவென்று சொல்வது?

கையிலிருந்த சீட்டை அவள் கவிழ்த்து வைத்தாள்.

"ஆட்டம் உங்களுது, ஒடீலியா. அவன் விரலைப் பாத்துக் கேட்டுட்டேன்."

"எந்த விரலு?" என்று அலறினான் எமானுவெல். "நான் ஒண்ணுமே பண்ணலையேடி!"

"நீ பண்ணல. உன் விரலு பண்ணுச்சு."

"இதெல்லாம் ஒரு குத்தமா? சும்மா ஆடு ரோசினா," என்று கிளாரன்ஸே சொல்லிப் பார்த்தான்.

"ஓட்டோவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? பலகையில உங்க பேரைப் பொறிக்கச் சொல்லு."

வண்டியில் வீடு திரும்பினார்கள். கடைசித் திருப்பத்தில் எமானுவெல் மெல்லக் கேட்டான்: "நெசமாவே இழுக்குறேனா?"

"இப்பக்கூட இழுத்துக்கிட்டுத்தான் இருக்க. நாளைக்கு உனக்கு பெல்ட்டு வாங்குறேன்."

அடுத்த ஞாயிறு அவன் பெல்ட்டோடு வந்தான். உட்கார்ந்ததும், சீட்டு வருமுன்பே, பழக்கத்தில் அவன் கை நெஞ்சுக்கு ஏறியது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டு இறங்கியது. சீட்டை வெகுநேரம் பார்த்தான்.

"அம்பத்தொண்ணு," என்றான்.

ஏஸ் இருக்கிறதா, வெறும் பேச்சா? ரோசினா அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.