இருபதாவது கேள்வி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நேரம் நிமிஷ சுத்தமாக ஒரு செல்போனில் பதிவாகியிருக்கிறது. நடந்தது போன ஆடி வெள்ளி, எறையூர்ப் பக்கம், பட்டப்பகலில்.

தமிழழகனுக்கு சர்வே வேலை. வீடு வீடாகப் போய், மக்களுக்குக் கடவுள் நம்பிக்கை எந்த அளவுக்கு இருக்கிறது என்று இருபது கேள்வி கேட்க வேண்டும். அந்தந்த வீட்டு வாசலில் நின்றால்தான் செல்லில் படிவம் திறக்கும். பேச்சும் பதிவாகும்.

அன்று அவனுக்கு அவசரம். குரும்பலூரில் மனைவி ஜெயசுதா, குழந்தை பெற்று நாற்பது நாள், தானாகச் சிரிக்கிறாள், தானாக அழுகிறாள். "பேய்தான்டா" என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். மாலை ஐந்து மணிக்குப் பேய் ஓட்டப் பூசாரி அய்யம்பெருமாள் வருகிறார், பிரம்போடு. தமிழழகனும் தலையாட்டியிருந்தான்.

கரும்புக் காட்டோரம் கடைசி வீடு. பட்டியலில் பெயர் காத்தாயி. கதவில் துருப்பிடித்த பூட்டு. 'பூட்டின வீட்டுக்கு யார் வந்து விசாரிக்கப் போறா?' படியில் உட்கார்ந்து அவனே பதிலைத் தட்ட ஆரம்பித்தான்.

12.07. முதல் கேள்வி. கடவுள் நம்பிக்கை உண்டா? 'உண்டு' தட்டினான். 'இல்லை' என்று விழுந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும் 'இல்லை'.

வேப்பிலை வாசனை... சுற்றிலும் ஒரு மரம் கிடையாது.

12.11. பதினெட்டாவது கேள்வி. பேய் பிடித்தவரை எங்கே அழைத்துப் போவீர்கள்? 'பூசாரியிடம்' என்று தட்டினான்.

சுளீர்!

பூட்டிய கதவுக்கு உள்ளே... பிரம்புச் சத்தம்.

"யா... யாருங்க?"

"எம் பேருலதான எழுதிட்டிருக்க?" பெண் குரல்.

"அக்கா, உள்ளயா இருக்கீங்க?"

"காய்ச்சல்னு சொன்னேன் தம்பி. பேய் பேசுதுன்னுட்டான்."

சுளீர்!

"யாரு?"

"அய்யம்பெருமாள்."

அவன் படியை விட்டு எழுந்தான்.

"சாயங்காலம் உன் வூட்டுக்கு வரான்ல?"

சுளீர்! சுளீர்!

12.14.

"வரமாட்டான்."

வண்டியை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு மணிக்கு ஜெயசுதாவை ஆட்டோவில் ஏற்றினான். "பூசாரி வர்ற நாள்ல எங்கடா தூக்கிட்டுப் போற?" அம்மா கத்தினாள்.

"ஆஸ்பத்திரிக்கு."

"பிரசவத்துக்கப்புறம் சிலருக்கு இப்படி வரும். மருந்துலயே சரியாயிடும்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை 9.40. ஆபீஸிலிருந்து போனில் வெற்றிச்செல்வி மேடம்.

"தமிழழகன், அந்தக் கடைசி வூட்டுப் பதிவைக் கேட்டேன். பொம்பளைக் குரலே இல்லைங்க. நீங்க பேசுறீங்க. நடுவுல ஒரு ஆம்பளை, 'போதும் காத்தாயி, அடிக்காத'ன்னு அலறுறார். யாருங்க அது?"

விசாரித்தான். காத்தாயி செத்து இரண்டு வருஷம்.

அய்யம்பெருமாள் செத்தது முந்தின நாள் நடுப்பகலில். நான்கு ஊர் தள்ளி, தன் கோயிலுக்குள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. முதுகெல்லாம் வரிவரியாக அடி. பிரம்பு ஆணியில் தொங்கியபடியே...

தமிழழகன் பத்தொன்பதைத் தொடவே இல்லை. ஆனால் படிவம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் பதில், 'இல்லை'. பதினெட்டு, 'மருத்துவரிடம்'. இருபதாவது கேள்வி: உங்கள் வேண்டுதல் எப்போதாவது பலித்திருக்கிறதா?

'பலித்தது. 12.14.'